ஏலக்காட்டு மண்பாதையில் ஒரு நீண்ட ஓட்டம்

வியாழன் இரவு, பூப்பாறை

ஜனவரிக் கடைசியில் ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்து வாரம். போடியில் எனக்கு வாய்ப்பது சமதளம்தான். விடியற்காலையில் முந்தல் வரை தார்ச்சாலையில் போய்த் திரும்புவேன். கால் அதற்குப் பழகிவிட்டது. மேடு பள்ளத்துக்குப் பழகவில்லை. அதனால் நாளை ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பள்ளி விட்டதும் மூணாறு பஸ் ஏறி, மலைக்கு மேல் கேரளப் பக்கம் பூப்பாறையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

முந்தல் தாண்டியதும் பஸ் முனகத் தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. புலியூத்து அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுகிறது. பாதி வழியில் ஜன்னல் காற்று குளிர்ந்துபோனது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ அந்த அளவு உயரம்தான். துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டேன்.

இந்த மலையை அப்பத்தா நடந்தே ஏறியது. கல்யாணமான புதிதில், தலையில் அரிசி மூட்டையோடு, இருட்டில் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குள் தோட்டம் போய்ச் சேர்ந்துவிடுமாம். "ஏறுறப்போ பேச்சு நிக்கக் கூடாதுத்தா. பேச்சு நின்னா நீ வேகமாப் போறேன்னு அர்த்தம்" என்று சொல்லும். இன்று ஓட்டப் பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்வதும் இதையேதான்: நீண்ட ஓட்டத்தில் முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சில் போ. கையில் கட்டிய கடிகாரம் இதயத்துடிப்பைக் காட்டினாலும் ஏற்றத்தில் நான் அப்பத்தா கணக்கைத்தான் பார்க்கிறேன். ஒரு வரி திருப்புகழை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். முடியவில்லையென்றால் நடை.

சித்தி கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தது. நாளை சித்தப்பாவோடு பாதை பார்க்கப் போகிறேன்.

வெள்ளி இரவு

ஓடவில்லை. நடந்தேன். ஆனால் இன்று கற்றுக்கொண்டதை எழுத இரவு போதாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓடத் தேடும் பாதை வனத்துறையின் காட்டுக்குள் நுழைவது அல்ல. எனக்கு 2018 மார்ச் 11 மறக்காது. குரங்கணி மலையில் தீ பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றம் வந்தவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். போடியிலிருந்து எங்கள் தெருப் பையன்கள் டார்ச்சும் போர்வையுமாக மலையேறினார்கள். இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது, தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஓடுகிறவர்களில் சிலர் இதைத் தொந்தரவு என்கிறார்கள். அந்த இரவைப் பார்த்த ஊர்க்காரி நான். எனக்கு அது தொந்தரவாகப் படவில்லை.

தனியாக ஓட நான் தேடி வந்தது ஏலக்காடு. 1897-ல் திருவிதாங்கூர் அரசு காப்புக்காடாக அறிவித்த ஏலமலை இது. நிலம் காடா தோட்டமா என்பது இன்றைக்கும் வழக்கிலும் வாதத்திலும் இருக்கிறது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் தேயிலைத் தோட்டம் போல மொட்டையடிக்காமல், பெரிய மரங்களை மேலே விட்டுவிட்டுக் கீழே ஏலம் வைத்தார்கள். பலா, அகில், சந்தனவேம்பு எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஜீப் போகும் மண்பாதையில் நின்று அண்ணாந்தால் வானம் தெரியாது. காடுதான், ஆனால் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வாசலும் வாசலுக்கு ஒரு வாட்ச்மேனும் உண்டு. சித்தப்பா இங்கே கங்காணியாக இருபத்தாறு வருடம். மூன்று தோட்டங்களில் நேரில் போய்க் கேட்டோம். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். அந்தத் துண்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். மற்றவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "தனியாவா?"

சித்தப்பா சொன்னவை, நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபடி:

ஏழு மணிக்கு முன்னால் தோட்டத்துக்குள் கால் வைக்காதே. (நான் நாலரைக்கே கிளம்புவதாக இருந்தேன். வெயிலுக்கு முன் ஓடி முடிப்பது சமவெளிக்காரர் பழக்கம். இங்கே விடியற்காலையில் பாதை யானையுடையது, காட்டுமாட்டுடையது.) போடியிலிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள் உள்ளே போகட்டும். நாலு ஜீப் சத்தம் போட்டுக்கொண்டு போன பாதையில் பின்னாலே போ.

ஓடைத் தண்ணீரைக் குடிக்காதே, எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஏலத்துக்கு மருந்து அடிப்பது அதிகம். அடித்தது எல்லாம் மழையோடு ஓடைக்குத்தான் வரும். மருந்து வாடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தாண்டலாம் என்று நினைக்காதே. திரும்பி வேறு பாதையில் போ. ஓடுகிறவள் மற்றவர்களைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "யானையைப் பார்த்தா ஓடாத தாயி. பாக்குறதுக்கு முன்னாடியே திரும்பிரு" என்றார்.

சாலையிலிருந்து மதிகெட்டான் சோலையைக் காட்டினார். 2003-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள், 12.82 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே போனவனுக்குப் புத்தி தடுமாறி வழி தெரியாது, அதனால் மதிகெட்டான் என்பார்கள். இந்தப் பக்கம் சோலை, அந்தப் பக்கம் ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல். நடுவில் சாலை, வீடு, தோட்டம், ரேஷன் கடை. யானைக்கு இரண்டு பக்கமும் போக வேண்டியிருக்கிறது. அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில்தான் பிடித்தார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் அது கம்பத்துத் தெருவில் நின்றது. ஜூன் 5-ல் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு – முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. கம்பத்தில் அது ஓடிய காட்சியைக் கைபேசியில் எல்லாரும் பார்த்தோம். மிரண்டுபோன ஒரு பெரிய உயிர், ஆட்டோக்களுக்கு நடுவில் வழி தேடிய காட்சி அது. எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

பை கட்டிவிட்டேன். இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், கடலைமிட்டாய் எட்டு, வாழைப்பழம் மூன்று, விசில், கட்டுத்துணி, மழைச்சட்டை, ஒரு தாளில் சித்தப்பா எண்ணும் என் ரத்த வகையும். திட்டம்: 32 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம், ஆறு மணி நேரத்துக்குள்.

சனி இரவு

24.6 கிலோமீட்டர். ஐந்து மணி பத்து நிமிடம். திட்டம் முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்குச் சாலையோரம் நின்றேன். ஜீப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. போடி, தேவாரம் பக்கத்திலிருந்து தினமும் ஏறி இறங்குகிறவர்கள். கேரளம் தனி மாநிலமானது 1956-ல். இவர்கள் பாட்டிகள் அதற்கும் முன்பே இந்த மலைக்கு வேலைக்கு வந்தவர்கள். கடைசி ஜீப் உள்ளே திரும்பியதும் நானும் திரும்பினேன்.

முதல் எட்டு கிலோமீட்டர் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. இரவு பெய்த மழையில் மண் மெத்தென்று இருந்தது. சீகாரப் பூங்குருவி எங்கோ பள்ளத்தில், பையன் ஒருவன் பாட்டை மறந்து மறந்து சீட்டியடிப்பது போல ஒலித்துக்கொண்டே இருந்தது. மலையணில் ஒன்று பலாக்கிளையில் வாலைத் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்தது. ஏற்றத்தில் நடந்தேன், கையை முட்டியில் ஊன்றி. சமதளத்தில் மெல்ல ஓடினேன். திருப்புகழ் இரண்டு வரி வந்தது. இறக்கத்தில்தான் கவனம் வேண்டியிருந்தது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. நார்களில் நுண்ணிய கிழிசல் விழுவது அதில்தான். அதனால்தான் ஏறிய வலி அன்றே போய்விடும், இறங்கிய வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் கூடும். சிறு சிறு எட்டாக வைத்தேன். சமவெளியில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் தொடை இதைக் கற்காது. இங்கே வந்ததே இதற்காகத்தான்.

பத்தாவது கிலோமீட்டரில் காய் எடுக்கும் கூட்டத்தைத் தாண்டினேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும். முற்றியதை மட்டும் விரல் பார்த்து எடுக்க வேண்டும். மீதிக்கு நாற்பது நாள் போல் கழித்து மறுபடி வர வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும், சரிவில், ஈரத்தில். சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. போடியில் ஏலம் விடும்போது நாம் பார்ப்பது அந்த ஒரு கிலோவை. நான் ஓடி வருவதைப் பார்த்து ஒரு அக்கா, "ஏத்தா, எது வெரட்டுது?" என்று எழுந்துவிட்டார். பயந்துதான் கேட்டார். ஒன்றுமில்லை, பயிற்சி என்றேன். "அப்பச் சரி, மெல்லப் போ."

பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு நீண்ட ஏற்றம். மணி பத்தேகால். மேகம் விலகி வெயில் சரிவில் இறங்கியிருந்தது. குனிந்து நடந்துகொண்டிருந்தவள் ஒரு வளைவில் நின்றேன்.

பாதையோரம் கூந்தற்பனை ஒன்று பிளந்து கிடந்தது. குருத்து இல்லை. நார் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. காற்றுப்பட்டுப் பழுப்பேறக்கூட இல்லை. பத்தடி தள்ளி யானை லத்தி. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

சத்தம் எதுவும் இல்லை. குருவிச் சத்தமும் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

என் உடம்பு செய்ய விரும்பியது ஒன்றே ஒன்று. பத்து வருடமாக அதற்கு நான் கற்றுக்கொடுத்ததும் அதுதான். தொடை இறுகியது, குதிகால் தானாக எழும்பியது. மேட்டுப் பாதையில் நான் மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனால் பெரிது. தாய்லாந்தில் ஆசிய யானைகளை அளந்து பார்த்தபோது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போயிருக்கின்றன. இந்தக் கணக்கு தெரிந்தும் கால் ஓடத்தான் துடித்தது.

நின்றேன். காற்று பிடரியில் பட்டது. வெயில் ஏறிய சரிவில் காற்று சூடாகிப் பள்ளத்திலிருந்து மேடு நோக்கிப் போகும். இரவில் திரும்பி இறங்கும். ஆக என் வியர்வை வாடை எனக்கு முன்னால் மேலே போய்க்கொண்டிருந்தது. யானை மேலே நின்றால் நான் வருவது அதற்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் அசையாமல் நிற்கிறது. அதன் பொறுமையை எனக்குக் கொடுத்த இடமாக எடுத்துக்கொண்டேன். முகத்தை வளைவின் பக்கமே வைத்துப் பின்னோக்கி ஒவ்வொரு அடியாக இறங்கினேன். வளைவு மறைந்த பிறகு திரும்பி நடந்தேன். நடந்தேன் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் வாழ்க்கையில் நான் செய்த கடினமான பயிற்சி அந்த நானூறு மீட்டர். அப்போது மேலே ஒரு கிளை முறிந்தது. ஒரே ஒரு முறை. பெரிய கிளை.

யானையை நான் பார்க்கவே இல்லை.

காய் எடுக்கும் கூட்டத்துக்கு வந்து சொன்னேன். யாரும் கூச்சல் போடவில்லை. கங்காணி இரண்டு போன் செய்தார். பெண்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இடம் மாறினார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி குனிந்துவிட்டார்கள். "நேத்து ராத்திரி அங்கிட்டு நின்னுச்சுன்னு சொன்னாக. இன்னும் போகல போல" என்றார் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

என் கால் அதன் பிறகுதான் நடுங்கியது. அவர்களில் மூத்தவர், அறுபதுக்கு மேல் இருக்கும், என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தார். என் காலுறையைக் கீழே இறக்கினார். அட்டைகள், ஏழோ எட்டோ. இடுப்பிலிருந்து ஒரு துணிக்கிழியை எடுத்தார். புகையிலையும் உப்பும் கட்டிய கிழி. தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றின் மேலும் தொட்டார், சுருண்டு விழுந்தன. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. கடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க அட்டை எச்சிலில் ஒரு பொருளைச் சுரக்கும். அது கழுவிப் போகும்வரை வழியத்தான் செய்யும். "பிச்சு எடுத்துராத, புண்ணாயிரும்" என்றார்.

தூக்குச்சட்டியைத் திறந்து பழையசோறும் கருவாடும் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். நான் கடலைமிட்டாயைக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். போடி, இன்ன பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றேன். கையை நிறுத்தினார்.

"என் பேத்தி அங்கதான படிக்குது. ஏழாவது."

பெயர் சொன்னார். என் வகுப்பு. இரண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். காலைப் பாடவேளைக்குப் பத்து நிமிடம் தாமதமாகவே வரும். போன வாரம்கூட வெளியே நிற்க வைத்தேன்.

"நான் நாலு மணிக்கு எந்திரிச்சு உலை வெச்சுட்டு அஞ்சரை ஜீப்பப் பிடிப்பேன் டீச்சர். அது தம்பியக் குளிப்பாட்டிப் பால்வாடியில விட்டுட்டுத்தான் வரும். பாத்துக்கங்க."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மீதி ஓட்டத்தை மண்பாதையில் முடிக்க மனம் வரவில்லை. சாலைக்கு இறங்கி வீடு வந்தேன். கடிகாரம் 24.6 காட்டியது. சாலையில் இன்னும் ஏழரை கிலோமீட்டர் சுற்றி 32 ஆக்கியிருக்கலாம், காலில் தெம்பு இருந்தது. சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கடிகாரத்தை அணைத்தேன்.

ஞாயிறு, போடி

படியிறங்க முடியவில்லை. ஏற முடிகிறது. வலி இன்று இரவும் நாளையும்தான் உச்சத்துக்குப் போகும்.

காலையில் பூப்பாறையில் கடைத்தெருவெல்லாம் ஆள். சித்தி ஒரு டப்பா ஏலக்காய் கொடுத்தது, ஞள்ளானி ரகம், பச்சை மாறாமல் காயவைத்தது. பஸ் போடிமெட்டு தாண்டியதும் கீழே சமவெளி வெளுத்துக் கிடந்தது. வளைவு வளைவாக இறங்கும்போது தொடை இறுகிக்கொண்டே வந்தது. அப்பத்தா இதே சரிவைத் தினப்படி எப்படி இறங்கியது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

அடுத்த மாதம் மறுபடி போவேன். கிளம்பும் நேரம் ஏழரை. திட்டத்தில் கிலோமீட்டரை எழுதவில்லை; ஐந்து மணி நேரம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். காலுக்குத் தெரிவது நேரம்தான்.

திங்கள் மாலை

பயணம் முடிந்துவிட்டது, இருந்தாலும் இதையும் எழுத வேண்டும்.

முதல் பாடவேளை. பத்து நிமிடம் கழித்து அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றது, மூச்சிரைக்க. உள்ளே வா என்றேன். தன் இடத்துக்குப் போகாமல் என் மேசைக்கு வந்து புத்தகப் பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தது.

"அப்பத்தா குடுக்கச் சொன்னுச்சு டீச்சர். தண்ணியில நனைச்சுத்தான் தொடணுமாம்."

புதுத் துணியில் கட்டிய கிழி. மேசையெல்லாம் புகையிலை வாடை.